மொட்டை மாடியில் ஒரு ஏரா

முதல் வங்கு எல்லாருக்கும் உடையும். மணிக்கணக்கில் உட்கார்ந்து, கம்பி ரம்பத்தால் கோட்டின் மேலேயே அறுத்து, உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, கோழி நெஞ்செலும்பு மாதிரி வளைந்த ஒரு மரத்துண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அது 'டக்'கென்று இரண்டாகும். கைமேல் தப்பில்லை, மரத்தின் நாரைக் கவனிக்காததுதான் தப்பு. ஒரே பலகையில் இத்தனை வளைவையும் வெட்டினால், எங்கோ ஓரிடத்தில் நார் குறுக்காகத்தான் ஓடும். அங்கே ரொட்டியைப் பிய்ப்பதுபோல மரம் பிய்ந்துவிடும்.

கப்பல் கட்டுகிறவர்களுக்கு இது பல நூற்றாண்டாகத் தெரிந்த சங்கதி. அதனால்தான் பெரிய மரக்கப்பலின் வங்கு எதுவும் ஒற்றை மரமல்ல. அடியில் ஏராமேல் குறுக்காக உட்காரும் ஒரு கட்டை, அதன் தோளில் ஒன்று, அதற்கு மேல் இன்னொன்று என்று நான்கைந்து துண்டுகள் வளைவின் போக்கிலேயே நார் ஓடும்படி தேர்ந்தெடுத்துச் சேர்க்கப்படும். அதுவும் இரட்டை அடுக்காக: ஓர் அடுக்கின் மூட்டு வரும் இடத்தில் மற்ற அடுக்கின் முழு மரம் நிற்கும். செங்கல் சுவரில் கொத்தனார் மூட்டு மாற்றி வைப்பாரே, அதே புத்தி. இந்த வேலையை நாற்பத்தெட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, சாப்பாட்டு மேசைமேல் செய்து பார்ப்பதுதான் வங்கு கட்டிப் பலகை அடிக்கும் மாதிரிக் கப்பல் கலை.

ஏரா, வங்கு, அணியம், அமரம், பருமல், கலப்பத்து. இவையெல்லாம் அகராதிக்காகச் செய்த கலைச்சொற்களல்ல. ஏரா என்பது கப்பலின் முதுகெலும்பு, வங்கு அதன் விலா, அணியம் முன்பக்கம், அமரம் பின்பக்கம். பருமல் பாயைத் தாங்கும் குறுக்குக் கழி. கலப்பத்து என்றால் பலகை இடுக்கில் பஞ்சும் பிசினும் வைத்து அடைப்பது. கடலோரத் தச்சர் வாயில் புழங்கியவை. அல்வாலில் இவற்றைச் சொன்னால் யாருக்கும் புரியாது என்பது வேறு விஷயம்.

அல்வால் இருப்பது செகந்தராபாத்துக்கு வடக்கே. ஒரு பக்கம் பொலாரம், இன்னொரு பக்கம் லோத்குண்டா, நடுவே ராஜீவ் ரஹதாரியில் ஓயாத லாரிகள். பழைய மெட்ராஸ் ராணுவமும் ரயில்வேயும் கொண்டுவந்து சேர்த்த தமிழ்க் குடும்பங்கள் இந்தப் பக்கமெல்லாம் உண்டு. கடல்தான் கிடையாது. ஹைதராபாத்திலிருந்து மசூலிப்பட்டணத்துக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பாய் விரித்த படகைப் பார்க்க வேண்டுமென்றால் 1560களில் வெட்டிய ஹுசேன் சாகர் ஏரிக்கரைக்குப் போகலாம். ஆண்டுக்கொரு முறை அங்கே பாய்ப்படகுப் போட்டி நடக்கிறது. ஏரிதான் என்றாலும் காற்று நிஜக் காற்று.

இந்த ஊரில் ஒருவர் மாதிரிக் கப்பல் கட்ட உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அல்வால்காரர் என்றே சொல்லலாம். பணி ஓய்வுக்கு இன்னும் சில வருஷம், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை, தச்சு வேலையில் கொஞ்சம் ஆசை. "என்னங்க, அந்தத் தூசியோட வீட்டுக்குள்ள வராதீங்க" என்ற உத்தரவு முதல் வாரமே வந்துவிடும். மற்றபடி இதற்கு வேண்டிய கருவிகள் பெரிதாக ஒன்றுமில்லை: சிறு இழைப்புளி, இரண்டு மூன்று உளி, மெல்லிய அரங்கள், கம்பி ரம்பம், மூலமட்டம், பெவிகால். பொறுமை என்ற கருவியைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள், அதை விட்டுவிடலாம். உண்மையில் முதலில் வேண்டியது வேறொன்று. வரைபடம்.

கடையில் பெட்டியாக விற்கும் மாதிரிக் கப்பல்களுக்கு இந்தக் கவலை இல்லை. இத்தாலியின் அமாட்டி, மந்துவா, ஸ்பெயினின் ஆர்ட்டெசானியா லத்தீனா போன்ற நிறுவனங்கள் விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் வங்குக்குப் பதில் தட்டையான ஒட்டுப்பலகைத் தடுப்புகள் இருக்கும். அவற்றை இடைவெளி விட்டு நிறுத்தி, மேலே மெல்லிய பட்டைகளை ஒட்டினால் வெளியே கப்பல், உள்ளே ரொட்டி வைக்கும் அடுக்கு. மோசமில்லை, பலரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் நிஜமாகவே வங்கு வங்காக எழுப்பிக் கட்டும் முறையில் கப்பலின் எந்த இடத்தில் எந்த வளைவு என்பது முழுசாகத் தெரிந்திருக்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒரு கோடு, மேலிருந்து ஒரு கோடு, முன்னாலிருந்து வெங்காயத்தின் அடுக்குகள்போல ஒன்றுக்குள் ஒன்றாக வளைவுகள். அந்த மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். இங்கிலாந்துக் கடற்படை 17ஆம் நூற்றாண்டிலிருந்தே தன் கப்பல்களுக்கு இப்படி மாதிரிகள் செய்துவைத்தது. பல மாதிரிகளில் நீர்மட்டத்துக்குக் கீழே பலகை அடிக்காமல் வங்குகள் தெரியும்படி விட்டிருக்கிறார்கள். கால் அங்குலம் ஓர் அடிக்குச் சமம், அதாவது நாற்பத்தெட்டில் ஒன்று என்ற கணக்கு அப்போதே வழக்கத்துக்கு வந்துவிட்டது. இன்றும் அதுதான் இந்தக் கலையின் நாணயம். ஆறடி ஆள் ஒன்றரை அங்குலம், பத்து அங்குலப் பலகை ஐந்து மில்லிமீட்டர்.

அப்படியானால் அல்வால்காரர் எந்தக் கப்பலைக் கட்டுவது?

பக்கத்து ஊர்க் கப்பலையே கட்டலாமே என்று தோன்றும். சிரிக்க வேண்டாம், அல்வாலுக்கும் ஒரு கப்பல்துறை உண்டு. கோல்கொண்டா சுல்தான்கள் ஆண்ட காலத்தில் மசூலிப்பட்டணம் அவர்களுடைய துறைமுகம். அங்கிருந்து செங்கடலின் மொக்காவுக்கும், பர்மாவின் பெகுவுக்கும், சுமத்ராவின் அச்சேவுக்கும் கப்பல் போனது. கப்பல் கட்டியது கொஞ்சம் வடக்கே, கோதாவரிக் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூரில். மேலே காட்டில் வெட்டிய தேக்கை ஆற்றோடு மிதக்கவிட்டுக் கொண்டுவர முடிந்ததால் அந்த இடம் வாய்த்தது. டச்சுக்காரரும் ஆங்கிலேயரும்கூட அங்கே கப்பல் கட்டிக்கொண்டார்கள். 1669 முதல் 1679 வரை வங்காள விரிகுடாவைச் சுற்றிய தாமஸ் பௌரி என்ற ஆங்கில வணிகர் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியில் நரசாப்பூரும் பக்கத்து மாதபாலமும் வருகின்றன. கிழக்குக் கரைப் படகுகள் சிலவற்றை அவரே படமும் போட்டிருக்கிறார்.

படம் போட்டார், வரைபடம் போடவில்லை. அதுதான் சிக்கல். நரசாப்பூர்த் தச்சர்கள் கட்டிய கப்பலின் வளைவைக் காகிதத்தில் யாரும் எடுத்துவைக்கவில்லை. எடுக்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. கட்டுகிறவன் கண்ணிலும் கையிலும் இருந்தது போதும். நூறு கப்பல் கட்டிய ஊரிலிருந்து ஒரு மாதிரிக் கப்பல் கட்ட அளவு கிடைக்காது.

ஆகவே இந்தியாவில் கட்டிய கப்பல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர் கடைசியில் பம்பாய்க்குப் போய்ச் சேருவார். அங்கே ஒரு கப்பலுக்கு வரைபடம் உண்டு. அந்த வரைபடத்தின் கதையே தனி.

1782இல் எபே என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலை ஆங்கிலேயர் பிடித்தார்கள். வடிவமைத்தவர் ஜாக் நோயெல் சானே, அக்காலத்துப் பிரெஞ்சுக் கப்பல் வடிவமைப்பில் முதல் பெயர். கப்பலின் அழகைப் பார்த்து மயங்கிய ஆங்கிலேயர் அதன் கோடுகளை அளந்தெடுத்து, அந்த வார்ப்பிலேயே லீடா வகை என்று வரிசையாகக் கட்ட ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் கருவாலி மரம் தட்டுப்பாடு. பம்பாயில் மலபார்த் தேக்கு இருக்கிறது, 1736இல் சூரத்திலிருந்து வந்த லவ்ஜி நசர்வான்ஜி வாடியாவின் வம்சம் இருக்கிறது. சரி, இரண்டு கப்பல் பம்பாயில் கட்டுங்கள் என்று 1812இல் உத்தரவானது. வரைபடங்களை ஜாவா என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள்.

ஜாவாவும் முன்னாள் பிரெஞ்சுக் கப்பல்தான். முந்தைய ஆண்டு மடகாஸ்கர் அருகே பிடிபட்டது. 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் கான்ஸ்டிடியூஷன் அதை மறித்துச் சின்னாபின்னமாக்கியது. கரைக்கு இழுத்துப்போக முடியாத அளவுக்குச் சேதம். சண்டையில் தன் சுக்கான் சக்கரத்தை இழந்திருந்த கான்ஸ்டிடியூஷன் ஜாவாவின் சக்கரத்தைக் கழற்றித் தனக்கு மாட்டிக்கொண்டது. பிறகு ஜாவாவுக்குத் தீ வைத்தார்கள். பம்பாய்க்குப் போக வேண்டிய வரைபடமும் அதோடு போயிற்று.

மறுபடி ஒரு படி எடுத்து அனுப்பி, அது வந்து சேர்ந்து, 1816இல்தான் ஏரா வைத்தார்கள். தலைமைத் தச்சர் ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா பார்சி வழக்கப்படி எழுத்துப் பொறித்த வெள்ளி ஆணி ஒன்றை ஏராவில் அடித்தார். 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. பெயர் டிரிங்கோமலீ. நம் திருகோணமலைதான். பிரெஞ்சுக்காரர் போட்ட கோடு, ஆங்கிலேயர் எடுத்த படி, மலபார் மரம், பார்சித் தச்சர், ஈழத்துத் துறைமுகத்தின் பெயர். ஒரே கப்பலில் இத்தனையும்.

அது இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில், நீரில் மிதந்தபடி. மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுவே மிகப் பழையது. நெல்சனின் விக்டரி அதைவிட மூத்தது, ஆனால் அது உலர்துறையில் உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், வரைபடத்தை அழித்த அந்தக் கான்ஸ்டிடியூஷனும் பாஸ்டனில் இன்றுவரை மிதக்கிறது. அடித்ததும் இருக்கிறது, அடிபட்டதால் தாமதமாகப் பிறந்ததும் இருக்கிறது.

லீடா வகைக் கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி. நாற்பத்தெட்டில் ஒன்று என்றால் மூன்றடிக்குச் சற்று மேல், முன் கழியையும் சேர்த்தால் இன்னும் நீளம். மொட்டை மாடி அறைக்கு அது பெரிது, படியில் இறக்குவது அதைவிடப் பெரிய பாடு. தொண்ணூற்றாறில் ஒன்று என்றால் ஒன்றரை அடி. கையடக்கம், ஆனால் வங்கெல்லாம் தீக்குச்சியாகிவிடும். இதைத் தீர்மானிப்பதற்கே சிலர் ஆறுமாதம் யோசிப்பார்கள். கடற்படை வரைபடங்களின் படிகளைக் கிரீன்விச் அருங்காட்சியகத்தில் விலைக்கு வாங்க முடியும் என்பது ஆறுதல்.

அடுத்தது மரம். இங்கேதான் அல்வால்காரர் முதல் தவறைச் செய்வார், அதுவும் நியாயமான தவறு. தேக்குக் கப்பல் என்றால் தேக்கிலேயே கட்டுவோம் என்று பழைய கதவு நிலையொன்றை வாங்கிவந்து அறுப்பார். நிஜக் கப்பலுக்குத் தேக்கு பொன். அதன் எண்ணெய்ப்பசை கடல் புழுவை எளிதில் அண்டவிடாது. கருவாலியின் அமிலம் இரும்பாணியை அரிப்பதுபோலத் தேக்கு அரிக்காது. ஆனால் தேக்கின் நாரும் துளையும் கண்ணுக்குத் தெரியும் அளவு பெரியவை. மரத்தைச் சுருக்கினாலும் அதன் நார் சுருங்காதே! நாற்பத்தெட்டில் ஒரு பங்குக் கப்பலில் ஒரு தேக்குத் துளை நிஜத்தில் கைவிரல் நுழையும் ஓட்டையாகத் தெரியும். தேக்குக் கப்பலின் மாதிரிக்குத் தேக்கு ஆகாது.

ஐரோப்பியர் இதற்குப் பெட்டிமரம் என்கிற பாக்ஸ்வுட், பேரி மரம், செர்ரி என்று தேடிப்போகிறார்கள். எல்லாம் நார் தெரியாத, வெண்ணெய்போல் வெட்டுப்படும் மரங்கள். நம் பக்கத்தில் அந்த இடத்துக்கு உரியது மஞ்சக்கடம்பு. மரக்கடைக்காரர்கள் ஹால்து என்பார்கள். மஞ்சள் நிறம், நெருக்கமான ஒரே சீரான நார். சீப்பும் நூற்பாலை நூற்கண்டுக் கட்டைகளும் அதில்தான் கடைந்தார்கள். சீப்புப் பல்லை அறுக்கத் தாங்கும் மரம் வங்குக்கும் தாங்கும். இன்னொன்று வெட்பாலை. ஆந்திராவின் ஏடிகொப்பாக்காவிலும் கர்நாடகத்தின் சென்னபட்டணாவிலும் அரக்குப் பூசிய பொம்மை கடைவது இந்த மரத்தில்தான். தெலுங்கில் அங்குடு கர்ரா. வெள்ளைவெளேரென்று தந்தம்போல இருக்கும், மேல்தளப் பலகைக்குப் பொருந்தும். தெலங்கானாவின் நிர்மல் பொம்மைகளுக்கான போணிக்கி மரம் பற்றி அல்வாலில் யாராவது நிச்சயம் சொல்வார்கள். அது இலேசு, ஆனால் மென்மை அதிகம், வங்கின் மூட்டுக்கு அழுத்தம் தாங்காது. செதுக்கிச் சாயம் பூசும் பொம்மையோடு அது நிற்கட்டும்.

ஏப்ரல், மே மாதத்தில் தக்காணத்து வெயில் மரத்தை உலர்த்தி எடுக்கும். ஜூலையில் மழை ஈரம் திரும்ப ஏற்றும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது, அகலத்தில் அசையும். கோடையில் ஒட்டிய அகலப் பலகை ஆடியில் புடைத்துக்கொள்வதற்கு அதுதான் காரணம். அறுத்த பலகையை ஒரு வருஷ சுழற்சி அறையிலேயே வைத்துவிட்டு எடுப்பது நல்லது. அந்த ஒரு வருஷத்தில் வங்கு வரைந்து பழகலாம்.

வங்குகளை நிறுத்தும்போது தலைகீழாக நிறுத்தலாம் என்று காட்டியவர் ஹரால்ட் ஹான் என்ற அமெரிக்கர். ஒவ்வொரு வங்கின் கால்களையும் மேலே கொஞ்சம் நீட்டிவிட்டு, அடிப்பலகையில் வெட்டிய பள்ளங்களில் சொருகி, கப்பலைக் கவிழ்த்தபடி கட்டி, ஏராவைக் கடைசியாக மேலே வைத்து ஒட்டுவது. எல்லாம் நேராக நிற்கும். முடிந்தபின் கால்களை அறுத்துத் திருப்பினால் கப்பல். சுத்தமான யோசனை. இதைக் குறுக்குவழி என்று முகம் சுளிக்கும் தூயவாதிகளும் உண்டு. அல்வால் மாதிரி உதவிக்கு ஆளில்லாத இடத்தில் ஹானைப் பின்பற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

பலகை அடிப்பதைப் பற்றி விரிவாகச் சொன்னால் வாசிக்கிறவர் எழுந்து போய்விடுவார். ஒன்றை மட்டும் சொல்லலாம். கப்பலின் நடுவில் வங்கின் சுற்றளவு அதிகம், அணியத்தில் குறைவு. எனவே ஒரே அகலமான பட்டைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே போனால் முன்னால் மூன்று பட்டைக்கு இடமிருக்கும்போது கையில் ஐந்து பட்டை இருக்கும். ஒவ்வொன்றையும் முனையில் சரித்து இழைக்க வேண்டும், ஆனால் பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. நுனி ஊசியானால் அங்கே ஆணி நிற்காது. நிஜக் கப்பலின் விதி அது, மாதிரிக்கும் அதுவே. சூடு பட்டால் மரம் இளகும் என்பதால் வெந்நீரில் ஊறவைத்தோ, காய்ச்சிய குழாய்மேல் அழுத்தியோ வளைப்பார்கள். மர ஆணிக்கு மூங்கில். கெபாப் குச்சியைப் பிளந்து, இரும்புத் தகட்டில் படிப்படியாகச் சிறுத்துப்போகும் துளைகள் வழியே இழுத்தால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலான கம்பி கிடைக்கும். ஹைதராபாத்தில் கெபாப் குச்சிக்கா பஞ்சம்? கலப்பத்துக் கோட்டுக்குப் பலகை ஓரத்தில் பென்சிலைத் தேய்த்தால் போதும், அத்தனை நுட்பத்துக்கு நடுவே இது ஒன்றுதான் சுலபம். கயிறு, பாய், கப்பி என்ற பகுதி கப்பல் கட்டுவதைவிட நீளமானது. வெற்று உடலோடு நிறுத்திவிடுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு போர்க்கப்பலை முழுக்கக் கட்ட ஆயிரக்கணக்கான மணிநேரம் பிடிக்கும்.

வங்கை முதலில் நிறுத்திப் பலகையைப் பிறகு அடிப்பது மேல்நாட்டு முறை, பலகையை முதலில் சேர்த்து வங்கைப் பிறகு வைப்பது இந்திய முறை என்று பொதுவாகச் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். கோழிக்கோட்டுக்கு அருகே பேப்பூரில் கட்டும் உரு என்ற மரக்கப்பலைப் பார்த்தால் தெரியும்: காகித வரைபடம் இல்லை, தலைமை ஆசாரி மனத்தில் கப்பல் இருக்கிறது, பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்து வெளிக்கூட்டை எழுப்பியபின் உள்ளே வங்கு பொருத்துகிறார்கள். நினைவுப்பொருளாக உருவின் சிறு மாதிரிகளை அங்கே செய்து விற்கவும் செய்கிறார்கள். இரும்பு ஆணியே இல்லாமல் தைத்துக் கட்டிய கப்பல்களும் இந்த வகைதான்.

ஆனால் தமிழ்நாட்டுக் கரை இந்தக் கணக்குக்குள் அடங்கவில்லை. பாக் நீரிணைப் பக்கத்து மீனவர்கள் வத்தை என்று ஒரு படகு வைத்திருந்தார்கள். தட்டையான அடி, பெட்டி போன்ற வயிறு, கவிழாமலிருக்கக் குறுக்கே நீட்டிய பலகையில் ஆள் ஏறி உட்காருவது. 1990களில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் ஷான் மெக்ரெய்லும் உடன் வந்தவர்களும் இந்தியக் கரையெங்கும் படகு கட்டுவதை அளந்து பதிந்தபோது, தமிழ்க் கரையில் வத்தையும் அதன் இனத்துப் படகுகளும் வங்கு முதலில் நிறுத்தியே கட்டப்படுவதைக் கண்டார்கள். அது மட்டுமல்ல. வங்கின் வடிவத்தைத் தச்சர் கண்ணளவில் போடவில்லை. ஒரு பலகையில் கோடு கீறி வைத்திருந்தார். நடு வங்கு ஒன்று, அதிலிருந்து முன்னும் பின்னும் எவ்வளவு குறைய வேண்டும் என்பதற்குக் கீறல்கள். அந்த ஒற்றைப் பலகையிலிருந்து அடுத்தடுத்த வங்குகளை வரைந்தெடுத்துவிடுவார். இரு முனைகளை மட்டும் மெல்லிய பட்டையை வளைத்துப் பார்த்து முடிப்பார். இடைக்கால மத்தியதரைக் கடல் தச்சர்களின் உத்தியும் ஏறத்தாழ இதேதான். போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்திருக்கலாம் என்ற கருத்து உண்டு. 2003இல் வந்த மெக்ரெய்லின் 'தெற்காசியப் படகுகள்' என்ற ஆங்கில நூலில் இந்த ஆய்வு இருக்கிறது.

அல்வால்காரர் மாடியில் செய்வதும் இதுவேதானே? நடு வங்கை வரைந்து, அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவது. கிரீன்விச்சிலிருந்து வரவழைக்கும் வரைபடம் பெரிய காகிதம், இது கைக்கு அடக்கமான மரப்பலகை. ஏராவின் நீளத்துக்கு இத்தனை அகலம், இந்த அளவுக்கு இந்தப் பலன் என்று சொல்லும் கப்பல் சாத்திரச் சுவடி ஒன்றும் தமிழில் இருக்கிறது, 1950இல் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் அச்சிட்டது. அளவும் சோதிடமும் கலந்த நூல் அது, அதை வைத்துக் கப்பல் கட்ட முடியாது. பலகையை வைத்துக் கட்ட முடியும். மாதிரிக் கப்பல்காரர்களின் அலமாரிகளில் விக்டரி, கட்டி சார்க் போன்ற கப்பல்கள் ஆயிரம் இருக்க, ஒரு வத்தைகூட இல்லாதது ரசனைக் குறைவு என்றே சொல்ல வேண்டும்.

வெளியார் சிலர் அந்த வேலையைக் கொஞ்சம் செய்துவைத்திருக்கிறார்கள். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி எட்மோன் பாரிஸ் 1830களில் கீழ்த்திசைத் துறைமுகங்களுக்கு வந்தபோது கரையில் கண்ட படகையெல்லாம் அளந்தார். கோரமண்டல் கரையின் கட்டுமரமும் சலங்கும் அவருடைய 1840களின் பெரிய நூலில் அளவுக் கோடுகளோடு இருக்கின்றன. பிற்காலத்தில் பாரிஸ் நகரக் கடற்படை அருங்காட்சியகத்துக்கு அவரே பொறுப்பாளரானபோது, அந்த வரைபடங்களிலிருந்து மாதிரிகள் செய்யவைத்தார். மதராஸ் மாகாண மீன்துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னல் 1920இல் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி எழுதினார். இவற்றை வைத்துக்கொண்டு இன்றைக்கும் மேசைமேல் ஒரு சலங்கு கட்டலாம். பலகையைப் பலகையோடு கயிறு போட்டுத் தைத்தது அது, வங்கே கிடையாது. அலை தூக்கி மணலில் அடித்தாலும் உடையாமல் நெளிந்துகொடுக்கும். அல்வால்காரரின் வங்குப் பழக்கத்துக்கு அது உதவாதுதான்.

வரைபடமே இல்லாத கப்பலை என்ன செய்வது என்பதற்குச் சமீபத்தில் ஒரு பதில் வந்தது. அஜந்தாவில் 5ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் மூன்று பாய்மரங்கள் கொண்ட கப்பல் இருக்கிறது. அதை ஆதாரமாக வைத்துத் தைத்த கப்பல் ஒன்று கட்டுவதென்று 2023 ஜூலையில் கலாச்சார அமைச்சகம், கடற்படை, கோவாவின் ஹோடி இன்னோவேஷன்ஸ் மூன்றும் ஒப்பந்தம் போட்டன. செப்டம்பரில் ஏரா வைத்தார்கள். கேரளத்தின் பாபு சங்கரன் தலைமையில் தச்சர்கள் பலகையைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தார்கள். ஓவியத்தில் கப்பலின் ஒரு பக்கம்தானே தெரியும்? வயிறு எவ்வளவு, அடி எப்படி என்பதெல்லாம் ஊகம். அந்த ஊகம் சரியா என்று பார்க்க முதலில் சிறு மாதிரி செய்து சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையில் நீர்த்தொட்டிச் சோதனை நடத்தினார்கள். மாதிரிக் கப்பல் அங்கே பொழுதுபோக்காக இல்லை, கப்பலுக்கு முந்திய கப்பலாக இருந்தது. 2025 மே 21 அன்று கார்வாரில் ஐஎன்எஸ்வி கௌண்டின்யா என்ற பெயரில் அது கடற்படையில் சேர்ந்தது. அந்த டிசம்பர் 29 அன்று போர்பந்தரிலிருந்து பாய் விரித்துப் புறப்பட்டு ஜனவரி நடுவில் மஸ்கட் போய்ச் சேர்ந்தது.

ஓவியத்திலிருந்து கப்பல் எடுக்க முடியுமென்றால் புகைப்படத்திலிருந்தும் எடுக்கலாம். அதற்கு ஏற்ற கப்பல் ஒன்று தமிழரிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணி. சரக்கு ஏற்றி இந்தியக் கரைக்கும் பர்மாவுக்கும் போய்வந்த ஊர்க் கப்பல்களில் ஒன்று. ஸ்வாப் என்ற 32 அடிப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கினார். மனைவி பெயரைச் சேர்த்து ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதைச் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடல் தாண்டி அட்லாண்டிக்கைக் கடந்து ஓட்டிப்போனார்கள். 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்சின் குளோஸ்டர் துறைமுகத்தில் அது நுழைந்தது. ஊர் திரண்டு பார்த்தது. படம் பிடித்தவர்கள் பலர். கப்பல் பக்கவாட்டில் நிற்கும் படம் ஒன்று கிடைத்தால் பாய்மரத்தின் உயரமும் மேல்தளத்தின் வளைவும் அளந்துவிடலாம். வங்கின் வளைவுக்கு அதே வகைத் தோணிகளைப் பார்த்து ஒரு கை தேர்ந்த ஊகம்.

மரக்கடையில் மஞ்சக்கடம்பு இருக்கிறதா என்று கேட்டாயிற்று. "அந்த மரத்துல கதவு செய்ய மாட்டாங்களே சார், என்ன செய்யப் போறீங்க?" என்று கடைக்காரர் கேட்பார். அல்வால்காரர் பதில் சொல்லாமல் துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுகிறார். அன்னபூரணி 89 அடி. நாற்பத்தெட்டால் வகுத்தால் ஒன்றே முக்கால் அடிக்குச் சற்று மேல். மாடி மேசைக்கு அது போதும், படியிலும் இறங்கும்.